பூமாலையும் பூட்டிய பெட்டியும்

(போத்தனூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் நாள்தோறும் ஏறி இறங்குகிற போத்தனூர் ரயில் நிலையத்திலே, 1921 நவம்பர் 19 ஆம் நாள் இரவு, ஒரு சரக்குப் பெட்டி திறக்கப்பட்டது. மலபாரிலே கிளர்ச்சி, அதை அடக்க ராணுவச் சட்டம். பிடிபட்டவர்களிலே ஏறத்தாழ நூறு பேரை, பெரும்பாலும் மாப்பிள்ளைமார், திரூரிலே ஒரே பெட்டியில் திணித்துக் கதவைப் பூட்டி அனுப்பினர். காற்று நுழைய வழியில்லை. 'தண்ணீர், தண்ணீர்' என்று கதறினர். ஷொறணூரிலே வண்டி நின்றது, ஒலவக்கோட்டிலே நின்றது, கதவு மட்டும் திறக்கப்படவில்லை. போத்தனூரிலே திறந்தபோது உள்ளே பிணக்குவியல்! பின்னர் இறந்தோரையும் சேர்த்து எழுபது பேர் என்கிறது கணக்கு.

கிளர்ச்சிக்காரர் கொடுமை புரியவில்லையா என்பர் சிலர். புரிந்தனர்; அவர்கள் கையாலும் அப்பாவிகள் வெட்டுண்டனர்; அதை மறைக்க நான் இங்கு வரவில்லை. கொலை செய்தவனைக் கூண்டிலே நிறுத்து, தண்டனை கொடு. நூறு பேரைக் காற்றில்லாப் பெட்டியிலே அடைக்க எந்தச் சட்டம் இடம் தந்தது? கிளர்ச்சி அடங்கிற்று, உண்மை. ஆனால் திரூரிலே இன்று நிற்கும் நகர மண்டபம், அடக்கிய தளபதியின் பெயரைத் தாங்கி நிற்கவில்லை. அந்தப் பெட்டியின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளையர் படை அடக்குவதற்கென்றே வந்தது. அதற்கு அச்சம் ஒன்றே போதும். 'அமைதிப் படை' என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிற படைக்கு அது போதுமா? ஈழத்தைப் பாருங்கள்.

1987 ஜூன் 4 ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்திலே உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்றே பெயர்! ஜூலை 29 ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பிலே ஒப்பந்தம் செய்தனர். மறுநாளே படை போய் இறங்கிற்று. தமிழ் மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அண்ணன் வந்தான் என்று எண்ணினர். மூன்றே திங்களில், அந்த மாலை வாடி உலர்வதற்குள், அக்டோபரிலே போர்!

போரைத் தொடங்கியவர் யார் என்று வழக்காடலாம். புலிகள் பக்கமும் பிழை உண்டு. நான் கேட்பது வேறு. பாதையோரத்திலே கண்ணிவெடி புதைத்திருப்பது யாருக்குத் தெரியும்? டில்லித் தளபதிக்கா? அந்தப் பாதையிலே மாடு ஓட்டிப்போகிற கிழவனுக்குத் தெரியும். சோதனைச் சாவடியிலே அந்தக் கிழவனை வெயிலில் முழந்தாளிட வைத்தால் அவன் வாய் திறப்பானா? ஊரைச் சுற்றிவளைத்து, முகமூடியிட்ட 'தலையாட்டி' ஒருவன் முன்னே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அவன் தலை அசைந்தால் விலங்கு பூட்டினார்களே, அந்தப் பிள்ளைகளின் தாய் அன்றிரவு யாருக்குச் சோறிடுவாள்? படையின் கண்ணும் காதும் ஊர் மக்கள்தாம். அந்தக் கண்ணிலே மண்ணைத் தூவிவிட்டு, பீரங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1987 அக்டோபர் 21, தீபாவளித் திருநாள். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளே படை புகுந்தது. அங்கிருந்து புலிகள் சுட்டனர் என்றது படைத்தரப்பு. சுட்டே இருக்கட்டும், படுக்கையிலே கிடந்த நோயாளியும் சுட்டானா? இரவோடு இரவாக நோயாளிகளும் ஊழியர்களும் வீழ்ந்தனர். மறுநாள் காலை, கைகளை உயர்த்திக்கொண்டு வந்த குழந்தை மருத்துவர் ஒருவரும் சுட்டு வீழ்த்தப்பட்டார். அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள்! 1989 ஆகஸ்டிலே வல்வெட்டித்துறை. புலிகளின் தாக்குதலிலே படைவீரர் ஆறு பேர் இறந்தனர். அதற்குப் பழியாக ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர் மக்கள் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு பிணமும் புலிகளுக்கு எத்தனை ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கும்? நீங்களே கணக்கிடுங்கள்.

இது ஒரு நாட்டுப் படைக்கு மட்டும் பிடித்த நோயன்று. ஐ.நா.வின் நீலத் தொப்பி அணிந்து ஹெய்டிக்குப் போன இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டோர், அங்குள்ள பெண்களிடம் முறைகேடாக நடந்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2007-லே திருப்பி அனுப்பப்பட்டனர். தன் நாட்டிலே கேள்வியின்றிப் பழகிய கை, கடல் கடந்தால் மாறுமா?

சிப்பாயை ஏசிப் பயனில்லை, தோழர்களே! அவன் யார்? பஞ்சாபிலும் பீகாரிலும் உழவன் வீட்டுப் பிள்ளை. நம் கொங்கு நாட்டுப் பிள்ளையும் அப்படையிலே உண்டு. பெரும்பாலோருக்கு அந்த மண்ணின் மொழி தெரியாது. யாரைக் காக்க வந்தோம், யாரைச் சுட வந்தோம் என்று எவரும் தெளிவாகச் சொல்லவுமில்லை. ஏறத்தாழ 1,200 பேர் அங்கே மாண்டனர். அவர்களுடைய தாய்மாரும் அழுதனர். தவறிழைத்தவனை அன்றைக்கே ஊரறிய விசாரித்துத் தண்டித்திருந்தால், எத்தனையோ சிப்பாய்கள் உயிரோடு திரும்பியிருப்பார்கள் என்பது என் துணிபு. தலைநகரிலே இருந்தவர்களோ மறுப்பறிக்கை எழுதிக்கொண்டிருந்தனர்!

படையை வெளியேறச் சொன்னார் பிரேமதாசா. வெளியேறு என்று போராடினர் புலிகள். ஒருவரையொருவர் கொல்லத் துடித்த இரு சாராரையும் ஒரே முழக்கம் முழங்க வைத்த விந்தை அது! 1990 மார்ச் 24 ஆம் நாள் கடைசி அணி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. படையை அவமதித்தார் என்று வடக்கே கொதித்தனர். மாலையிட்டு வரவேற்ற யாழ்ப்பாணத்துத் தாய், ஏன் வழியனுப்ப வரவில்லை என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.