வண்டல் கிடைத்தது, சாபம் எங்கே?



பழைய மதக் கதைகளின் பின்னே உண்மையான வெள்ளமோ, நிலநடுக்கமோ இருந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடுகின்றனர். "கிடைத்துவிட்டால் பகுத்தறிவுவாதியின் வாய் அடைபடும்" என்று மகிழ்கிறார் பக்தர். "தேடவே வேண்டாம், எல்லாம் கட்டுக்கதை" என்று கைவீசிவிடுகிறார் நம் தோழர். இருவருக்கும் நான் கூறுவேன்: தேடட்டும், நன்றாகத் தேடட்டும்! கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதை மட்டும் நாம் கண்விழித்துக் கவனிப்போம்.

1872-ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவே இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி வாயிலை மிதியாதவர். பணத்தாள் அச்சடிக்கத் தகடு செதுக்கும் தொழில் பழகியவர். அந்தப் பலகையில் அவர் கண்டது என்ன? ஊழிவெள்ளம், ஒரு கப்பல், மலையில் தட்டி நின்ற கப்பலிலிருந்து பறக்கவிடப்பட்ட புறா! நோவாவின் கதை, வேறு தெய்வங்களின் பெயரால் பாபிலோனியரிடம் முன்பே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் அதை அவையில் படித்தபோது, பிரதமர் கிளாட்ஸ்டனே வந்தமர்ந்து கேட்டார்.

பின்னர், 1929-இல், ஈராக்கில் 'ஊர்' என்னும் பெயர் கொண்ட தொல்நகரைத் தோண்டினார் லியோனார்ட் ஊலி. ஏறத்தாழ 11 அடி வண்டல்! அதன் அடியிலே மக்கள் வாழ்ந்த தடம், மேலேயும் மக்கள் வாழ்ந்த தடம். "நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது!" என்று உலகமே பேசியது. கிஷ் நகரிலும் ஷுருப்பாக்கிலும் வண்டல் கிடைத்தது. ஆனால், காலம் பொருந்தவில்லை. 'ஊர்' நகரிலேயே தோண்டிய எல்லாக் குழிகளிலும் அந்த வண்டல் இல்லை. வையத்தை மூடிய வெள்ளம் ஒன்றல்ல. யூப்ரடீசும் டைகிரிசும் வெவ்வேறு காலத்தில் கரைபுரண்ட வெள்ளங்கள் பல.

ஆசை முந்தினால் அறிவு பிந்தும், தோழர்களே! யோர்தான் நாட்டுத் தொல்லூர் ஒன்று விண்கல் வெடித்து அழிந்தது, அதுவே சோதோம் கதைக்கு மூலமாகலாம் என்று 2021-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன் முடிவுகளைத் தரவுகள் தாங்கவில்லை என்று 2025-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவியலுக்கு அதில் இழுக்கில்லை. பிழையைத் திருத்திக்கொள்ளும் புராணம் எங்கேனும் உண்டா?

சரி, வெள்ளம் வந்தது உண்மை என்றே கொள்வோம். வந்தது ஏன்? மக்கள் போட்ட இரைச்சலால் கடவுளின் தூக்கம் கெட்டது என்கிறது பாபிலோனியக் கதை. மக்களின் தீமை பெருகியது என்கிறது விவிலியம். கதை ஒன்று, குற்றப்பத்திரிகை இரண்டு! நான் நாடகம் எழுதுகிறவன். மேடையிலே பெருந்துன்பம் நிகழ்ந்தால் பார்ப்பவர் உள்ளம் ஒரு குற்றவாளியைத் தேடும் என்பதை அறிவேன். புராணக்காரர் அந்தத் தேவையை நிறைவேற்றினார். ஆனால், யாரைக் குற்றவாளி ஆக்கினார்? செத்தவனையே!

நம் வீட்டையும் அதே தராசில் நிறுப்போம். மணிமேகலை கூறும் புகார் நகரின் அழிவு என்ன? சோழன் இந்திர விழாவை மறந்தான், தெய்வம் சினந்தது, கடல் ஊரைக் கொண்டது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல்லாலான படகுத்துறை கிடைத்தது. பழைய துறைமுகம் இருந்ததற்கு அது சான்று. கரையைக் கடல் அரித்ததையும் கண்ணால் காண்கிறோம். ஆனால், இந்திரனின் சினத்துக்கு எந்தக் குழியிலும் சான்றில்லை. தமிழ்க் கதை என்பதற்காக நாம் தராசைச் சாய்த்தால், பிறர் கதையை நிறுக்கும் தகுதியை இழப்போம்!

"பழங்கதைதானே, போகட்டும்" என்பீரோ? 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரிலே நிலம் பிளந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில நாட்களில், நம் திருநெல்வேலியிலே பேசிய காந்தியார், தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்றார். தீண்டாமை கொடுமை, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், நல்ல நோக்கத்துக்காகவும் பொய்க் காரணம் சொல்லலாமா? மறுத்தெழுதினார் தாகூர். இதே வாதத்தை வைதிகர் திருப்பிப் பிடித்து, 'உம் சீர்திருத்தமே பாவம்' எனலாமே என்று எச்சரித்தார். நிலம் பிளந்தபோது தீண்டாமையால் தாழ்த்தப்பட்டவன் குடிசையும் சேர்ந்தல்லவா விழுந்தது!

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவியது. எழுந்த பேரலை நம் கரையைத் தொட 2 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தொட்டிலிலே கிடந்த மீனவக் குழந்தை எந்த விழாவை மறந்தது? வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர் செய்த பாவம் என்ன? 2 மணி நேரம் இருந்தது. எச்சரிக்கத்தான் ஏற்பாடு இல்லை! 'பாவம்' என்று சொல்லி ஓய்ந்திருந்தால் அடுத்த அலைக்கும் அதே பலிதான். 'தட்டு நழுவியது' என்று அறிந்ததால்தான், 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் எழுந்தது.

ஆகவே தோழர்களே, கதையை எரிக்கச் சொல்லவில்லை நான். அஞ்சிய மக்களின் நினைவு அதில் இருக்கலாம். அதைத் தோண்டி எடுங்கள். மேலே பூசிய சாபத்தைச் சுரண்டி எறியுங்கள். நாளை ஒரு புயல் வரும், வெள்ளம் வரும். தேநீர்க் கடையிலே ஒருவர் 'எல்லாம் செய்த பாவம்' என்பார். அப்போது கேளுங்கள்: "ஏரியை மேடாக்கியது யார்? ஓடையை அடைத்தது யார்? எச்சரிக்கை ஏன் எட்டவில்லை?"

இறந்தவர்மேல் பழி போடுவதல்ல, இருப்பவரைக் காப்பதே பகுத்தறிவு!