பரணில் கிடக்கும் ரேடியோ

தாத்தா காலத்து ஷார்ட்வேவ் ரேடியோ பரணில் கிடக்கிறதா? தயவுசெய்து எடுத்த எடுப்பில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். வால்வு ரேடியோவில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் வால்வு அல்ல, கெபாசிட்டர். மெழுகு பூசிய அந்தப் பழைய காகிதக் கெபாசிட்டர் கசிந்தால், அவுட்புட் வால்வு சூடேறி, டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கிவிடும். மாற்றுக் கெபாசிட்டர் சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்கே கிடைக்கும். மைக்ரோஃபாரட் அளவு அதேதான் வேண்டும். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையவே கூடாது.

1960-களின் டிரான்சிஸ்டர் செட் என்றால் கதை வேறு. அவற்றில் பலவற்றில் ஏஎஃப் 117 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கும். அதன் உலோகக் கூட்டுக்குள் மயிரிழையைவிட மெல்லிய வெள்ளீய இழைகள் தானாகவே முளைத்து, ஷார்ட் ஆக்கிவிடுகின்றன. அதற்கு நான்கு கால்கள். கூட்டோடு சேர்ந்த காலை மட்டும் வெட்டிவிட்டால், பல சமயம் செட் மறுபடி பாடும்! புதுப் பாகமே வேண்டாம்.

காயில், பேண்டு சுவிட்ச், டயல் கண்ணாடி ஆகியவைதான் பெரும்பாடு. அவற்றை அதே மாடலின் ஓடாத செட்டிலிருந்துதான் கழற்ற வேண்டும். ஆகவே, உங்கள் ரேடியோவைப் பழைய இரும்புக்கடையில் போடுமுன், ஊரிலுள்ள பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள்.