உவமைக்குள் அடங்காத சிறுமி



போரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனத் திணை வகுத்துப் பாடிய மொழி இது. அம்மரபினுள், போருக்குப் பின் எஞ்சிய பெண்மக்களின் குரலாக நிற்பது பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல். பறம்பைக் கைக்கொண்ட வேந்தர் மூவரின் பெயர்கள் அதில் இல்லை, வசைமொழியும் இல்லை. தந்தை இருந்த திங்களும் இல்லாத திங்களுமே உண்டு.

வென்றவரின் பெயரை விடுத்து, இழந்ததைச் சொல்லும் இத்தகைய குரல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரொன்றிலும் எழுந்தது. யூகோஸ்லாவியா சிதறுண்டபோது, பொஸ்னியத் தலைநகர் சாரயேவோவைச் சூழ்ந்த மலைகளில் பொஸ்னிய செர்பியப் படைகள் நிலைகொண்டன. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீடித்தது. அந்நகரத்துச் சிறுமி ஸ்லாட்டா பிலிப்போவிச், போருக்கு முன்பே, 1991 செப்டம்பரில், பத்து வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவள். அதற்கு மிம்மி என்று பெயருமிட்டாள். தொடக்கப் பக்கங்களில் பள்ளியும் பியானோப் பயிற்சியும் பிறந்தநாள் விழாக்களும் இடம்பெறுகின்றன. பின்னர் வருபவை நிலவறை, மெழுகுவர்த்தி, குழாயில் வாராத நீர். 1992 மே மாதத்தில், மழலைப் பள்ளித் தோழி பூங்காவில் குண்டுச் சிதறலுக்கு இரையான செய்தி வருகிறது. செர்பியர், குரோவாசியர், முஸ்லிம் என்ற பிரிவினை தன் தோழமைக்குள் புகுந்தது ஏன் என்பது அவளுக்கு விளங்கவேயில்லை.

உலகம் அவளைச் சாரயேவோவின் ஆன் பிராங்க் என்றது. சொன்னவர்க்கு அது புகழுரை, அவளுக்கோ அச்சம். ஆன் பிராங்க் 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டவள். அம்முடிவு தனக்கும் நேருமோ என்று உவமிக்கப்பட்டவள் நடுங்கினாள். பொருள் உயிரோடிருக்க, உவமையின் முடிவை எண்ணாமல் உவமித்தல் எத்துணைக் கொடிது! போரிடைப்பட்ட குழந்தையைக் கண்டதும் கருகிய மொட்டு, சிறகொடிந்த புறா என்று எழுதிவிடும் கவிஞர் நின்று எண்ணத்தக்க இடம் இது. மொட்டுக்குத் தாகமில்லை, புறாவுக்கு இறந்த தோழியின் பெயர் நினைவில் இல்லை.

1993இல் யுனிசெப் உதவியுடன் நாட்குறிப்பின் ஒரு பகுதி அச்சேறியது. அவ்வாண்டு டிசம்பரில் பெற்றோருடன் அவள் பாரிசு சென்றாள். எழுத்து அவளுக்கு வாயில் திறந்தது. பூங்காவில் வீழ்ந்த தோழிக்கு அவ்வாயில் இல்லை. உயிர் பிழைத்தவளின் ஏட்டைப் போற்றுவோர் இதனையும் உடன் கருதுதல் வேண்டும்.

முற்றுகையின் இருபதாம் ஆண்டு நினைவாக, 2012 ஏப்ரல் 6 அன்று சாரயேவோவின் முதன்மைத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வரிசையாக வைக்கப்பட்டன. மாண்டவர் ஒவ்வொருவர்க்கும் ஒன்று. குழந்தைகளுக்கெனச் சிறிய நாற்காலிகளும் அவற்றுள் இருந்தன. கண்டோர் சிலர் அவற்றின்மேல் பொம்மைகளை வைத்துச் சென்றனர். பாரி மகளிர் திங்களைச் சொன்னதும், ஸ்லாட்டா நீரையும் மெழுகுவர்த்தியையும் குறித்ததும் இத்தகைய கணக்கே. போரைப் பாடும் கவிதை அக்கணக்கில் ஒன்றையும் விடாதிருத்தல் வேண்டும். அணி அதன் பின்னர் வரட்டும்.