காட்டின் கணக்கில் ஆற்றையும் எழுதுங்கள்

அமேசான் காடு கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதை எல்லோரும் பேசுகிறோம். அந்தக் காட்டுக்குள் ஓடும் ஆறு அதே வாயுவை இடைவிடாமல் வெளியே விடுகிறதே, அதை யார் பேசுகிறோம்? ஆய்வாளர் ஜெஃப்ரி ரிச்சியின் குழு 2002-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அமேசான் படுகையின் ஆறுகளும் சதுப்புகளும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் கார்பனைக் காற்றில் சேர்க்கின்றன. ஆறு கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கரிமப் பொருளிலுள்ள கார்பனைவிட இது ஏறக்குறைய பத்து மடங்கு! மனாஸ் நகருக்கருகே நீர்மட்டம் ஆண்டுதோறும் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. ‘வார்சியா’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வெள்ளச் சமவெளியில் மரங்கள் மாதக்கணக்கில் நீரில் நிற்கும். இலை காற்றில், வேர் தண்ணீரில். இலை காற்றிலிருந்து பிடித்த கார்பனை வேர் மூச்சாக நீருக்குள் விடுகிறது. உதிர்ந்த சருகையும் மிதக்கும் புல்லையும் நுண்ணுயிர்கள் மட்கச் செய்து மேலும் கரியமில வாயுவை விடுகின்றன. வெள்ளநிலத் தாவரங்கள் ஈட்டும் கார்பனில் பாதி இப்படி ஆற்றுக்குப் போகிறது என்று 2014-இல் அப்ரில் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

“இயற்கையே இவ்வளவு விடும்போது ஆலைப் புகையை ஏன் பழிக்கிறீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. அமேசான் ஆறு விடும் கார்பனில் பெரும்பகுதி, ஐந்தாண்டுக்குள் செடிகள் காற்றிலிருந்து எடுத்தது என்பது 2005-இல் தெரிந்துவிட்டது. எடுத்ததைத் திருப்பித் தருகிறது ஆறு. நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்தது; அதை எரித்தால் காற்றில் புதிதாக ஏறுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையல்ல. “சுழற்சிதான் என்றால் அளப்பானேன்?” என்பது அடுத்த கேள்வி, இதுவே எனக்கு முக்கியமானது. காட்டின் உச்சிக்கு மேல் எழும் கோபுரம் நட்டு, மரங்கள் இழுத்த வாயுவை அளக்கிறோம். இழுத்ததில் ஒரு பங்கு நீரோடு நழுவி, பல கிலோமீட்டர் தள்ளி ஆற்றுப்பரப்பில் வெளியேறினால் கோபுரத்துக்கு அது தெரியாது. வரவை மட்டும் எழுதி, காடு சேமித்ததாக மார்தட்டினால், அந்தக் கணக்கை நம்பித் தீட்டும் காலநிலைத் திட்டம் பொய்த்துப் போகும்.

அப்படியானால் வெள்ளநிலத்தை வடித்துவிடலாமே என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஆப்பிரிக்காவில், நடுக் காங்கோப் படுகையின் சதுப்புக் காடுகளுக்கடியில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் முழுதும் மட்காத சருகுமண்ணாகக் கிடப்பதாக 2017-இல் மதிப்பிட்டார்கள். தேங்கிய நீர் ஆக்ஸிஜனை அண்டவிடாததால்தான் அது மட்காமல் இருக்கிறது. நீரை வடித்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு காற்றில் கலக்கத் தொடங்கும். எந்தச் செடியும் நம் ஆயுளுக்குள் அதைத் திருப்பிப் பிடிக்காது.