எப்படித் தெரியும்?

(பாடசாலை விஞ்ஞான மன்றத்தின் மாணவியர் உரை நாளில் ஆற்றிய உரை)



ஒளி அலையா துணிக்கையா என்பதில் தொடங்கி, நவீன பௌதிகவியலின் அடிப்படைக் கேள்விகள் பலவற்றை இன்று உயர்தர வகுப்பு மாணவிகள் தெளிவாக எடுத்துரைத்தீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு கொள்கையைச் சொல்லும்போது, அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

நம் துறைமுகத்துக் கடலையே எடுத்துக்கொள்வோம். கோணேசர் மலையிலிருந்து பார்த்தால் அது ஆழ்ந்த நீலம். கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்றார் ரேலி பிரபு. 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பிய சி. வி. இராமன் அதைச் சோதித்துப் பார்த்தார். அவர் கையில் இருந்தது ஒரு நிக்கொல் அரியம். நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளி ஒரு குறித்த கோணத்தில் முனைவாக்கப்பட்டிருக்கும். அரியத்தைத் திருப்பி அதை மறைத்துவிடலாம். மறைத்த பின்னும் நீலம் போகவில்லை, இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்தார். நீர் செந்நிறத்தை உறிஞ்சுவதும் இதில் முக்கிய காரணம் என்பது இன்றைய விளக்கம். முனைவாக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றோடு இறங்குதுறைக்குப் போய், அதைச் சுழற்றி நீங்களே பாருங்கள்.

அந்தக் கேள்வி கல்கத்தாவில் தொடர்ந்தது. கே. எஸ். கிருஷ்ணனுடன் சூரிய ஒளி, நிறவடிகள், வெறும் கண் ஆகியவற்றைக் கொண்டு தொடங்கிய பரிசோதனைகள் 1928 பெப்ரவரி 28இல் பலன் தந்தன. சிதறிய ஒளியில் சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. ஒளியும் மூலக்கூறும் சக்தியைச் சொட்டுச் சொட்டாகவே கொடுத்து வாங்குகின்றன என்பதற்கு அது கண்கண்ட சான்று. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இராமனின் பெங்களூர் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அன்னா மணியையும் நினைவில் வையுங்கள். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளைப் பதிய, ஒரே படத்தட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி காட்டினார். 1945இல் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுமாணிப் பட்டம் இல்லை என்று அது மறுக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை, வானிலைக் கருவிகளை அமைப்பதில் இந்தியாவின் முன்னோடியானார்.

மருத்துவராகிய எனக்கும் இந்தக் கேள்வி அன்றாடத் தேவை. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, குருதி எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் பிழைக்கலாம். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர், எண்ணைப் பார்த்ததும் நோயாளியின் முகத்தையும் பார்ப்பார். அது தெரியாதவர் எண்ணை மட்டும் நம்புவார். இடையில் இருப்பது ஓர் உயிர்.

ஆகவே தங்கைகளே, செய்முறை வகுப்பைப் பரீட்சைக்கான சடங்காக எண்ணாதீர்கள். பழைய மாணவிகளே, நீங்கள் தாதியோ, பொறியியலாளரோ, ஆசிரியையோ, ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் இங்கே வந்து, நீங்கள் கையாளும் கருவியொன்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நூற்றாண்டு கண்ட நம் தாய்ப் பாடசாலைக்கு அதைவிட நல்ல பரிசு வேறில்லை.