மொய் விருந்தும் வழிப்போக்கர் உரிமையும்

 

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அல்லலுற்றோரில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர்களும் வடமாநிலத்தவரும் இருந்தனர். அடுத்த மாதமே திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தார் அவர்களுக்காக மொய் விருந்து வைத்தனர். வயிறாரப் பரிமாறினர், விலைச்சீட்டு இல்லை. உண்டவர்கள் விரும்பிய தொகையை மொய்யாக வைத்துச் சென்றனர். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் மொய் என்பது நோட்டில் ஏறும் கடன். திருப்பிச் செய்தாக வேண்டும். திண்டுக்கல்லில் வைத்த மொய்யைத் திருப்பிக் கேட்க எவருமில்லை!

நம் மஹல்லாவிலும் இவ்வாறு நடத்தலாமா என இளைஞர்கள் கேட்கின்றனர். தாராளமாக நடத்தலாம். ஆனால் கணக்கில் பேணுதல் வேண்டும். உண்ட சோற்றின் விலை ஸதகா ஆகாது. அதற்கு மேல் வைப்பதே ஸதகா. ஜகாத்தை இதில் கலக்கவே கூடாது. ஜகாத் பெறும் 8 பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர். அது அவர் கையில் உரிமையாகச் சேர வேண்டுமேயன்றி, பிரியாணிச் செலவில் கரைந்துவிடலாகாது.

யாருக்கு உதவுவது? துறைமுகத்திலும் கட்டடப் பணியிலும் உழைக்கும் வடமாநிலத்தவர் நம் கண்முன்னேயே உள்ளனர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பலர் அஞ்சி ரயிலேறினர். நோயுற்றால் மருந்துக்கும், மரணித்தால் ஜனாஸாவை ஊர் சேர்ப்பதற்கும் தவிக்கின்றனர். வளைகுடாவில் நம் பிள்ளைகள் படும் பாடும் இதுதானே?

விருந்தன்று அவர்களை முதல் பந்தியிலேயே நம்மோடு அமர்த்துங்கள். தனிப் பந்தி வேண்டாம். வரவு செலவை மறு ஜும்ஆவிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.