வளையலுக்கு முந்தின மாத்திரை

இந்தச் சமுதாய வளைகாப்புப் பந்தல்ல என் தங்கச்சிங்க கை நிறைய வளையல். பார்க்கவே மனசு குளிருது. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஏழாம் மாசம் ஊரே கூடுறோமே, முதல் மாசம் எங்கே போயிருந்தோம்?

கரு தரிச்ச 28 நாளுக்குள்ள மூளையும் முதுகுத்தண்டும் உருவாகுற குழாய் மூடியாகணும். நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரம்தான் ஆயிருக்கும். அதுக்கு முன்னாடியே இதயம் துடிக்க ஆரம்பிச்சிடுது! மாமியாருக்குக்கூட அப்போ சேதி போயிருக்காது. சிரிக்கிறீங்க, நிஜம் அதுதானே?

அந்தக் குழாய் ஒழுங்கா மூட ஃபோலிக் அமிலம் வேணும். தினம் 400 மைக்ரோகிராம், சின்ன மாத்திரை. கரு தங்குறதுக்கு முன்னாடியே போட ஆரம்பிக்கணும். இதோட கதை எங்கே தொடங்குச்சு தெரியுமா? பம்பாய்ல! 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தாங்க. மில்லுல வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிங்க ரத்தமில்லாம வாடுறதைப் பார்த்தாங்க. ஈஸ்ட்ல செஞ்ச மலிவு மார்மைட்டைக் கொடுத்தாங்க; தேறி எழுந்தாங்கய்யா! அதுல இருந்த சத்துக்குத்தான் பின்னாடி ஃபோலிக் அமிலம்னு பேரு வந்துச்சு.

இங்கே சிலர் இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அதுவே அவங்களுக்கு விளம்பரம். குங்குமப்பூ பால் குடி, பிள்ளை சிவப்பாப் பொறக்கும்ங்கிறாங்க. ஐயா, பிள்ளை கறுப்பாப் பொறந்தா உமக்கென்ன நஷ்டம்? தாயோட ரத்தத்துல சிவப்பு இருக்கான்னு பாரும்! நம்ம மாநிலத்துக் கர்ப்பிணிகள்ல பாதிக்குக் கிட்ட ரத்தசோகை. இதை எந்த மேடையிலயாவது பேசியிருக்கீரா?

பேசுனது எங்க ஊரு நர்சம்மா. மேடையில இல்ல, திண்ணையில. இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்ததோட கிளம்ப மாட்டாங்க. “டீயோட போடாதடி, சத்து உடம்புல ஒட்டாது, எலுமிச்சைச் சாறு குடி”ம்பாங்க. அடுத்த தடவை வந்து காலி அட்டையை வாங்கி எண்ணுவாங்க. குப்பையில போட்டுட்டேன்னு சொன்னவ தொலைஞ்சா!

12 வாரத்துக்குள்ள பேரைப் பதியுங்கன்னு அவங்கதான் வீடு வீடாக் கதவைத் தட்டுறாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய்ன்னா ஓடுறோம். இந்தம்மா மாத்திரைன்னா கதவைச் சாத்துறோம்!

தலைவர் சீட்டு அனுப்பிட்டாரு, முடிச்சுக்கிறேன். இந்த வருஷம் உங்க வீட்டுல கல்யாணம்னா நர்சம்மாவுக்கும் ஒரு பத்திரிகை வைங்க. மொய் எழுத மாட்டாங்க. பொண்ணு கையில ஃபோலிக் மாத்திரை அட்டையை வெச்சிட்டு, பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போவாங்க.